எல்லோருக்கும் காது கொடுத்தவளுக்கு

இன்று மதியம், புதிதாகச் சேர்ந்த ஒருத்தியின் புரோகிராம் அசையாமல் நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்த உடனே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கூடவே, இத்தனை வருஷம் கழித்தும், வயிற்றில் அதே எரிச்சல். உன் ஞாபகம் எனக்கு அப்படித்தான் வரும். உன்னை நினைத்தால் மற்றவர்களுக்குக் கண் கலங்குகிறதாம். எனக்குப் பொறாமைதான் வருகிறது.

நாம் இருவரும் மாதாப்பூர் அலுவலகத்தில் ஒன்றாகச் சேர்ந்தோம். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஏ.எஸ்.ராவ் நகரில் வாடகை அறையில் இருந்தவள். நீ அந்த ஊரிலேயே, காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மேனேஜரிடம் தெலுங்கு, கேன்டீன்காரரிடம் உருது, என்னிடம் தமிழ். அந்தத் தமிழிலும் வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். எப்போதும் உன் மேசையைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். சொல்வதற்கு யாரிடம் ஏதாவது இருக்கிறதோ அவர் பக்கம் திரும்புவாய், அவர் முடித்ததும் அடுத்தவர். தன்னிடம் மட்டும்தான் இப்படிப் பேசுகிறாய் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. எனக்கும் இருந்தது.

நான் கல்யாணத்துக்கு மறுத்ததால் அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார் என்று ஒரு நாள் உன்னிடம் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டாய். மறுநாள் கேன்டீன்காரர் தன் முழங்கால் வலியைச் சொன்னபோதும் அதே சாய்வு. என் அப்பாவும் அவர் முழங்காலும் உனக்கு ஒன்றுதானா என்று அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

உன் புரோகிராமும் உன்னைப் போலத்தான் இருந்தது. ஒரு தொழிற்சாலையின் இயந்திரங்கள் நெட்வொர்க் வழியாகத் தங்கள் அளவுகளை வரி வரியாக அனுப்பும். கண்காணிப்பவர் கீபோர்டில் கட்டளை தட்டுவார். எல்லாவற்றையும் ஒரே புரோகிராம் படித்தாக வேண்டும். நான் ஒவ்வோர் இணைப்புக்கும் காவலாள் மாதிரி தனித்தனி த்ரெட் வைத்தேன். வரி வரும்வரை அது அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருக்கும். இயந்திரங்கள் கூடக் கூட என்னுடையது திணறியது. நீ எழுதியது ஒரே ஒரு லூப். எந்த இணைப்பில் ஏதாவது வந்திருக்கிறது என்று சிஸ்டத்திடம் கேட்கும், வந்ததை மட்டும் படிக்கும், மறுபடி கேட்கும். மொத்தமும் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வயிறெரிந்தேன்.

அதனால்தான் வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டிய வாரத்தில் உன் லூப் நின்றபோது எனக்குக் கொஞ்சம் குஷியாக இருந்தது. காரணத்தை நான்தான் பிடித்தேன். வந்ததையெல்லாம் ஒரேயடியாக அள்ளிவைத்துக்கொண்டு, நம்மிடம் ஒரு வரியை மட்டும் நீட்டும் ஃபங்ஷனை நீ பயன்படுத்தியிருந்தாய். இயந்திரம் இரண்டு வரிகளைச் சேர்த்து அனுப்பியபோது, இரண்டாவது வரி புரோகிராமுக்குள்ளேயே தங்கிவிட்டது. லூப்போ, வெளியிலிருந்து புதிதாக எதுவும் வரவில்லையே என்று காத்துக் கிடந்தது, கைப்பையில் சாவியை வைத்துக்கொண்டு பூட்டிய வீட்டு வாசலில் நிற்பவளைப் போல.

"ஏட்டி, வரி உள்ளதான் இருக்கு. நீ வெளியல்லா பாத்துட்டிருக்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

உன் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். நீ நாற்காலியோடு என் பக்கம் உருண்டு வந்து, கேட்டுக்கொண்டு, திருத்தினாய். பிறகு நேராக மேனேஜரிடம் போய், கண்டுபிடித்தது நான்தான் என்று தெலுங்கில் நீட்டி முழக்கினாய். அன்று சாயங்காலம் எல்லோரும் உன் பெருந்தன்மையைப் பற்றித்தான் பேசினார்கள். உன்னிடம் ஜெயிக்கக்கூட ஒருத்தியால் முடியாது.

அடுத்த வருஷம் காய்ச்சல் என்று லீவு போட்டாய், திரும்பி வரவில்லை. குவார்ட்டர்ஸ் படியெங்கும் செருப்புகள். 'என்னிடம் மட்டும்தான் மனசு விட்டுப் பேசுவாள்' என்று உன் வீட்டில் அன்று எத்தனை பேர் அழுதார்கள் தெரியுமா? நான் அழவில்லை. இவ்வளவு பேரில் நான் யார் என்று யோசித்துக்கொண்டே நின்றேன். சாவு வீட்டில் யோசிக்கிற யோசனையா அது? எனக்கு அதுதான் வந்தது.

சில வாரம் கழித்து உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அவருக்கு அலுவலகத்தில் உள்ளவர்களையெல்லாம் தெரிந்திருந்தது. மேனேஜர் மகளின் படிப்பு, கேன்டீன்காரரின் முழங்கால், எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது நீ சொன்னவை. பிறகு என் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"உன்னப் பத்தி அவ ஒண்ணும் சொன்னதில்லையேம்மா."

காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். உன் அம்மா வாசல் வரை வந்தார்.

"தினம் ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டச் சொல்லுவா. யாருக்குடின்னு கேட்டா, அது மட்டும் கேக்க நக்கோம்மா, அது என்னோடதுன்னுடுவா. அது நீதானா?"

அம்மா அதிகமாக வைத்துவிட்டாள் என்று சொல்லித்தானே தினமும் என் தட்டில் தள்ளினாய்.

வருஷா வருஷம் உன் நினைவு நாளில் பழைய டீம் கூடுகிறது. ஒவ்வொருவரும் நீ தன்னிடம் சொன்னதைச் சொல்கிறார்கள். என் முறை வரும்போது நான் வேறு எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுகிறேன். உன் அம்மா சொன்னதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இத்தனை காலம் உன்னை அவர்களோடு பங்கு போட்டது போதும்.