நீ திறந்துவிட்டுப் போன சில்லு

மழை விட்டதும் கீழ்த்தளத்துக் கிடங்கிலிருந்து சுக்கு மணம் பலகை இடுக்குகள் வழியே நம் ஆய்வறைக்கு ஏறி வந்தது. மட்டாஞ்சேரியில் இந்த மணத்தை யாரும் கவனிப்பதில்லை. நான் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு இழுப்பறையிலிருந்து அந்தச் சில்லை எடுத்தேன்.

நகத்தளவு சிலிக்கான். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பொன் வளையங்கள், அடியில் நிலைமாறும் பொருளாலான மெல்லிய படலம். ரேடியோ அலைக்கும் ஒளிக்கும் நடுவில் இருக்கிற டெராஹெர்ட்ஸ் அலைக்கு நாம் ஒரு கதவு செய்யப் பார்த்தோம். படலத்தின் அணுக்கள் கலைந்து கிடந்தால் வளையங்கள் ஓர் அலையைப் பிடித்து நிறுத்தும். சூடேற்றினால் அணுக்கள் ஒழுங்காக வரிசைகட்டி மின்சாரம் ஓடும். வளையங்கள் பிடியை விட, அலை போய்விடும். சூடு ஆறினாலும் கதவு திறந்தபடியே நிற்கும். அது ஏன் என்று நீ கேட்டுக்கொண்டே இருப்பாய்.

நம் முதல் மழைக்காலம் நினைவிருக்கிறதா? திரையில் அலை சட்டென்று விழ, "மாறிடுச்சுடி!" என்று குதித்தேன். நீ ஆவி பறக்கும் சாயா கிளாசோடு கருவியருகே குனிந்திருந்தாய். கிளாசை விலக்கினாய், அலை எழுந்தது. கிட்டே கொண்டுபோனாய், விழுந்தது.

"எடி, மாறினது ஃபிலிம் இல்ல கேட்டோ, என்ட சாயா!"

நீராவி டெராஹெர்ட்ஸைக் குடித்துவிடும் என்று படித்த இரண்டு பேர், கொச்சி மழையில் கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்துவைத்து அளந்திருக்கிறோம். எனக்கு மானம் போயிற்று. நீயோ மறுநாள் ஆவி பறக்கும் கப்பைக்கிழங்கையும் கொண்டுவந்து காட்டிப் பார்த்தாய்.

திறப்பது எளிது, மூடுவதுதான் பாடு. லேசர் துடிப்பால் படலத்தை உருக்கி, அணுக்கள் வரிசைகட்டுமுன் உறையவைக்க வேண்டும். ஒவ்வொரு சில்லிலும் படலம் உரிந்து வந்தது. கடைசிச் சில்லைச் சூடேற்றித் திறந்து வைத்துவிட்டு, "நாளைக்கு மூடிப் பாக்கலாம்" என்று சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு அவ்வப்போது அதை அளந்து பார்ப்பேன். அளப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. எத்தனையோ முறை கரண்ட் போய் வந்தது. நீ திறந்தது திறந்தே இருந்தது. மூட மனம் வரவில்லை. படலம் உரிந்தால் உன் கை பட்ட கடைசி வேலையும் போய்விடுமே என்ற பயம். இப்போது இன்னும் குறுகிய துடிப்புத் தரும் லேசர் வந்துவிட்டது, சாக்குச் சொல்ல வழியில்லை. நீ சொல்வாயே, "தொறந்தே கெடந்தா அது கதவா? செவுத்தில ஓட்டை."

சாயாவை மாடிப்படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பெட்டிக்குள் உலர்காற்றை ஓடவிட்டுத் துடிப்பைச் செலுத்தினேன். படலம் உரியவில்லை. திரையில், வளையங்கள் பிடிக்கும் அந்த ஓர் அலை மட்டும் விழுந்தது. மூடிக்கொண்டது! "பாருடி" என்று உன் நாற்காலியிடம் சொன்னேன். பிறகு அழுதேன்.

சூடான தட்டில் வைத்து மறுபடி திறந்தேன். இனி இது நான் திறந்த கதவு, நீ திறந்தது போய்விட்டது. இப்படி எத்தனை முறை தாங்கும்? கண்ணைத் துடைப்பதற்குள் பதில் வந்துவிட்டது, உன் குரலிலேயே: "எடி, இன்னொருக்கா."