வெறுங்கூடு

ஒக்ரோபர் 14, செவ்வாய்

பக்கத்து வீட்டு மனோ அக்காவின் கிளி ஞாயிறன்று பறந்துவிட்டது. தெரு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுத் தேடினார். லண்டன் கிங்ஸ்பரியின் பொய்ச் சக்கரவர்த்தி நான் சும்மா இருப்பேனா? "அக்கா, உங்கட கிளி ஆர்ச்வே முருகன் கோயிலை மூண்டு தரம் சுத்திக் கும்பிட்டதை என்ர கண்ணால கண்டனான்" என்று எழுதினேன். குழுவே சிரித்தது, அக்காவைத் தவிர.

இன்று பின்னேரம் அவர் நனைந்தபடி பஸ்ஸால் இறங்கினார். கையில் வெறுங்கூடு.

"விடியத் தொடங்கி கோயில் வாசலில நிண்டு கூப்பிட்டனான், தம்பி. வரேல்லை. நாளைக்கும் போவன்."

"அக்கா, அது..." என்றேன்.

"நீங்கள் ஒராள்தான் அக்கறையாச் சொன்னனீங்கள். உங்கட பேருக்கும் ஒரு அர்ச்சனை செய்தனான்" என்று திருநீற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்தார்.

அது மேசையில் பிரிக்காமல் கிடக்கிறது. காலையில் அவர் பஸ் ஏறுமுன் கதவைத் தட்ட வேண்டும். தட்டிய பிறகு என்ன சொல்வதென்றுதான் சக்கரவர்த்திக்குத் தெரியவில்லை.