கண்ணாடியில் இரண்டு தட்டு

மச்சான்,

இன்று காலை எங்களுக்குப் புது அம்புலன்ஸ் வந்தது. எல்லாரும் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்கதவால் ஏறி, நோயாளிக்குப் பக்கத்தில் நீ இருக்கும் இடத்தில் போய் இருந்தேன். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்ரெச்சரில் நோயாளியின் தலை இருக்கும் பக்கம் கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. ஒரு சாண் குறைகிறது. பழைய வண்டியிலும் இதே ஒரு சாண்தானே குறைந்தது! கதவில் மட்டும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள், பின்னால் இருப்பவர் கட்டாயம் பெல்ட் அணிய வேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்திருப்பேன்.

"பெல்ட்டைப் போடடா" என்று நான் எத்தனை நாள் கத்தியிருப்பேன். "போட்டிட்டு? மூச்சில்லாமக் கிடக்கிறவனை இருந்து பாக்கிறதோ? நீ முன்னுக்குப் பாத்து வண்டியை ஓடு" என்பாய். கடைசியில் நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தோம். பள்ளமோ, வளைவோ, மாடோ கண்டால், எனக்கும் உனக்கும் இடையிலிருக்கும் சின்னக் கண்ணாடியில் இடக்கையால் இரண்டு தரம் தட்டுவேன். நீ காலை அகட்டி, மேல்கம்பியைப் பிடித்துக்கொள்வாய். "நீ தட்டினா நிப்பன், தட்டாட்டிப் பறப்பன்" என்று சொல்லிச் சிரிப்பாய்.

உடையார்கட்டில் ஒருநாள், பிந்தி வந்தோம் என்று நோயாளியின் மருமகன் உன் சேட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தானே. "அடிக்கிறதெண்டா ஆளை ஏத்தினாப் பிறகு அடியுங்கோ தம்பி" என்றாய். அவன் வெட்கப்பட்டுக் கையை விட்டான். ஆனால் உன் கழுத்தில் நகம் கீறிய காயம் ஒரு கிழமை கிடந்தது. அதற்குப் பிறகுதான், இனிச் சண்டை வேண்டாம் என்று, சொந்தக்காரரில் ஒருவரை முன் இருக்கையில் ஏற்றத் தொடங்கினோம்.

அன்றும் அப்படித்தான் ஏற்றினோம். துணுக்காயில் வயல் வேலையில் நின்றவருக்கு நாகம் கடித்திருந்தது. நீ பின்னால் எழுந்து நின்று காற்றுப் பையை அமத்தி அமத்தி அவருக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தாய். முன்னால் அவருடைய தம்பி. "கெதியா ஓடுங்கோ, கெதியா ஓடுங்கோ" என்று அழுதுகொண்டே என் கையைப் பிடித்து உலுக்கினான். "கையை எடும் ஐசே!" என்று அவனோடு மல்லுக்கட்டினேன். கட்டாக்காலி மாடுகள் றோட்டில் ஏறுவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டேன் மச்சான். தட்ட நேரம் இருந்தது. என் இடக்கை அவனைத் தள்ளிக்கொண்டிருந்தது. தட்டாமலே பிரேக்கை மிதித்தேன்.

பாம்பு கடித்தவர் பிழைத்துக்கொண்டார். நீ தலையில் பட்ட அடியோடு மூன்றாம் நாள் போய்விட்டாய்.

விசாரணையில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "அவர் பெல்ட் போட்டிருந்தவரோ?" இல்லை என்றேன். வேறொன்றும் அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் நின்ற பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். வேறென்ன, கோழைத்தனம்தான்.

ஸ்கந்தபுரத்தில் உன் வீட்டுக்கு மாதம் ஒருதரமாவது போய் வருகிறேன். உன் மனைவி தேத்தண்ணி தந்துவிட்டு உன்னைத்தான் ஏசுவாள். "பெல்ட்டைப் போடுங்கோ, போடுங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனான் அண்ணை. கேட்டாரே மனுசன்? தன்ர எண்ணத்துக்குச் செய்துபோட்டு, எங்களைத் தவிக்க விட்டிட்டுப் போயிட்டார்." உன் படத்துக்குப் பூ வைப்பதைக்கூட அவள் விட்டுவிட்டாள். நான் குனிந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படியே போனது.

இன்று புது வண்டியிலிருந்து இறங்கி, அரைநாள் லீவு போட்டுக்கொண்டு நேரே அங்கே போனேன். முற்றத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு சாண், கண்ணாடி, நான் கண்ட மாடுகள், தட்டாத கை. நாளைக்கு மேலிடத்துக்கும் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். என்னை ஏசுவாள், விளக்குமாற்றைத் தூக்குவாள் என்றுதான் நினைத்தேன். அவள் வாசற்படியில் அப்படியே குந்திவிட்டாள். பிறகு உள்ளே உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப... இவ்வளவு நாளும் நான் அவரோட கோவிச்சுக்கொண்டிருந்தது?"

வேலை போனால் போகட்டும் மச்சான், அதைத் தாங்கலாம். அவள் உன்னை நினைத்து அழவேண்டிய இரண்டு வருடத்தை, உன்னை ஏச வைத்தே நான் தின்றுவிட்டேன். அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன்.