பாப்பா பாலுக்கு எத்தனை வாட்ஸ்

நவ. 10, திங்கள்

காலைலருந்து மூட்டம். மழை இன்னும் வரல, வாசனை மட்டும். துணி காயல.

பால் எடுத்தாச்சி. ஃப்ரீசர்ல சின்னச் சின்ன டப்பா, ஒவ்வொண்ணு மேலயும் தேதி. கதவத் தொறந்தா வெள்ளையா குளிர் வந்து மூஞ்சில படுது. கொஞ்ச நேரம் அப்பிடியே நிக்கிறேன். "கரண்டு பில்லு ஏறுதும்மா" - அத்தை.

பாப்பா விழுப்புரம் ஆஸ்பத்திரில, கண்ணாடிப் பொட்டில. ஏழாம் மாசமே வந்துட்டா, அவ்ளோ அவசரம். உறிஞ்சத் தெரியல, டியூபுல தான் பால். நான் இங்க திண்டிவனத்துல, தையல் ஆறணுமாம். இவரு வேலைக்கிப் போறப்ப ஐஸ் பொட்டில பால் வெச்சி எடுத்துக்கினு போறாரு. அவளுக்கும் எனக்கும் நடுவுல இப்பக்கி அந்த டப்பாங்க தான்.

பேர் இன்னும் வெக்கல.

நவ. 11, செவ்வாய்

புயல் வருதாம். டீவில அதே படத்த சுத்தி சுத்திக் காட்றான்.

இவரு ஃப்ரெண்டுகிட்டருந்து சோலார் பொட்டி ஒண்ணு வாங்கியாந்தாரு. கைப்பிடி வெச்சது, ஆரஞ்சு கலரு. கூடவே மடிச்சி வெக்கிற தகடு. பகல்ல வெயில குடிச்சி வெச்சிக்கினு அப்புறமா குடுக்குமாம். பக்கத்துல படுக்க வெச்சிக்கலாம் போல அழகு.

உக்காந்து கணக்குப் போட்டேன்.

ஃபேன் - 70
டியூப்லைட்டு - 20
பால் எடுக்கற மிசினு - 10
ஃப்ரிட்ஜ் - 120 (பின்னாடி ஸ்டிக்கர்ல இருக்கு)
மிக்சி - 750
பொட்டி ஒரே நேரத்துல குடுக்கறது - 300

மிக்சி நடக்காது. ஃப்ரிட்ஜுக்குத் தாராளம்.

"அப்ப மல்லாட்டை சட்னிக்கி?"
"அம்மில அரைங்க அத்தை."
"அம்மிய வித்து எவ்ளோ நாளாவுது. நீதான எடத்த அடைக்குதுன்ன."

சட்னி இல்லாம இருக்கலாம், பாலு கெடக் கூடாது. மாட்டிப் பாத்திருக்கலாம். கரண்ட் தான் இருக்குதேன்னு வுட்டுட்டேன்.

நவ. 12, புதன்

மழை. காத்து. இவரு காலைலயே கெளம்பிட்டாரு, நாலு நாளுக்கு ஆவுற மாதிரி பால் குடுத்தேன். ரோடு மூடினா அங்கயே தங்கிடுவேன்னாரு.

மதியம் தூங்கிட்டேன். கனாவுல பாப்பா தொப்புள்ல ஒரு பிளக்கு. வயித்துக்குள்ள சின்னதா மஞ்ச லைட்டு எரியுது. நான் கேக்கறேன், "கண்ணு, உனக்கு எத்தனை வாட்ஸ்?" அது சிரிக்கிது. முழிச்சிப் பாத்தா ஜாக்கெட் பூரா ஈரம், பாலு. அழுதேன். யாரும் பாக்கல.

நவ. 13, வியாழன்

மதியம் கரண்ட் போச்சி. எங்கயோ கம்பம் சாஞ்சிடுச்சாம், எப்ப வரும்னு தெரியாது.

பொட்டில ஃப்ரிட்ஜ மாட்டினேன். டொக். பொட்டி கத்திட்டு செத்துப் போச்சி. மறுபடி. டொக். மறுபடி. அதே.

அப்பத் தான் உறைச்சிது. 120ங்கறது ஓடறப்ப. கெளம்பறப்ப கம்ப்ரசர் பல மடங்கு இழுக்கும். இத ட்யூசன் பசங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். ஃபிசிக்ஸ் படிச்ச மூளை! த்தூ.

ஃப்ரிட்ஜ் கதவத் தொறக்காம அது முன்னாடியே உக்காந்திருந்தேன். உள்ள ஒவ்வொரு டப்பாவும் இளகற சத்தம் கேக்கற மாதிரி ஒரு பிரம. உருகிட்டா திரும்ப உறைய வெக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்காங்க.

சாயங்காலம் பக்கத்து வூட்டு நூர்ஜஹான் அக்கா வந்தாங்க. கோட்டக்குப்பத்துலருந்து வாக்கப்பட்டு வந்தவங்க, வூட்டுக்காரரு குவைத்ல. செல்லு சார்ஜ் பண்ணணும், அவருக்குப் பேசணும்னு.

"ஏம்மா மூஞ்சி இப்பிடிக் கெடக்குது?" சொன்னேன்.

"எங்க ஃப்ரிட்ஜ் போன பக்ரீத்துக்கு வாங்குனது. இன்வெர்ட்டர்னான் கடைக்காரன். ஆரம்பிக்கிறதே தெரியாது, பூன நடக்கற மாதிரி. பொட்டிய அங்க தூக்கியா."

ஓடிப் போயி மாட்டிப் பாத்தோம். பொட்டில நம்பரு மெல்ல மெல்ல ஏறுச்சி. முப்பது. அம்பது. எழுபது. நின்னுடுச்சி. கத்தல.

"நான் மீனு, கறியெல்லாம் எடுத்துட்டுத் தொடச்சி வெக்கிறேன், நீ ஜல்தி பால எடுத்தா."

வூட்டுக்கு வந்தா அத்தை வெளக்கு வெச்சிட்டாங்க.

"வெளக்கு வெச்சப்புறம் பாலு வெளிய போவக் கூடாது. காலைல பாத்துக்கலாம்."
"காலைல தண்ணியாயிடும் அத்தை. இது என்னா கடைப் பாலா? என் பாலு."
"அதுக்குந் தான் சொல்றேன். இருக்கறதும் வத்திடும்."

எனக்கும் பகீர்னுச்சி. பொய் சொல்லக் கூடாது. எட்டு எடுத்து வெக்க முடியல. வத்திட்டா? அப்புறம் எத எடுத்துக்கினு எங்க போறது?

அத்தை என்னையே பாத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் எழுந்து, சாமி படத்துலருந்து ஒரு சாமந்திய எடுத்து, திரிய அமுக்கி வெளக்க மலையேத்திட்டாங்க. வூடு கும்மிருட்டு.

"இப்ப வெளக்கு வெக்கல. எடுத்துக்கினு போ. நீ வந்தப்புறம் ஏத்திக்கிறேன்."

தூறல்ல ஐஸ் பொட்டியக் கட்டிப் புடிச்சிக்கினு நடந்தேன். தெருவுல ஒரு வெளிச்சம் இல்ல. பாப்பாவையே தூக்கிக்கினு போற மாதிரி இருந்திச்சி. டப்பா ஒண்ணு கூட உருகல. திரும்பி வர்ற வரைக்கும் அத்தை இருட்டுலயே உக்காந்திருந்தாங்க.

நவ. 14, வெள்ளி

மழை விட்டு விட்டு. தகட நூர்ஜஹான் அக்கா மாடில விரிச்சோம். வெயிலே இல்ல. ஏறுறது சொட்டு சொட்டா, எறங்கறது மொடக்கு மொடக்கா. அக்கா ரொம்ப நேரம் ஆஃப் பண்ணி வெச்சி, கொஞ்ச நேரம் மட்டும் போடறாங்க. கதவத் தொறக்கக் கூடாதுன்னு ரிப்பன் சுத்தி வெச்சிருக்காங்க.

அவங்க வூட்ல மீனு மொத்தமும் இன்னிக்கே வறுத்தாச்சி. தெருவுக்கே மீனு. பேஜாருதான், ஆனா ருசி.

மாடில படுத்து மேகத்தப் பாத்தேன். கெழக்கால ஒரு எடத்துல மட்டும் வெள்ளையா கிழிஞ்சிருந்திச்சி. அந்தக் கிழிசலு தகடு மேல வரட்டும்னு வேண்டிக்கினேன். சாமிகிட்ட இல்ல, மேகத்துகிட்டயே.

நவ. 15, சனி

பொட்டில ரெண்டே கோடு. அப்புறம் ஒண்ணு.

பத்து மணி வாக்குல வெயிலு! சுள்ளுன்னு. அக்காவும் நானும் தகட சூரியன் பக்கமாத் திருப்பித் திருப்பி வெச்சிக்கினே இருந்தோம். கோடு ரெண்டாச்சி. மூணாச்சி. சிரிச்சி சிரிச்சி தையல்ல வலி.

இவரு போன்: ரோடு தொறந்தாச்சி. நாளைக்கி என்னையும் கூட்டிக்கினு போறாராம்.

நவ. 16, ஞாயிறு

கார். ரெண்டு பக்கமும் வயக்காடு பூரா தண்ணி, அதுல வானம். ஏதோ மேல மெதந்து போற மாதிரி. மடில பாலு.

நர்ஸம்மா டப்பாங்கள வாங்கி உள்ள வெச்சாங்க. அப்புறம், "பாப்பா நேத்துலருந்து விரல சப்புது. இன்னிக்கி நேராவே குடுத்துப் பாருங்க"ன்னாங்க.

நெஞ்சு மேல வெச்சாங்க. கனமே இல்ல. தேடுச்சி. வழுக்குச்சி. மறுபடி தேடுச்சி. டக்குனு புடிச்சிக்கிச்சி.

இழுக்குது. என் புள்ள இழுக்குது.

அத்தைக்கிப் போன் போட்டுச் சொன்னேன். மூக்க உறிஞ்சற சத்தம் மட்டும். அப்புறம்: "அப்ப, கரண்டும் வந்துடுச்சி, மீதி பால எடுத்தாந்துட்டு அந்த நூர்ஜஹானுக்கு ஃப்ரிட்ஜ ஒழிச்சிக் குடும்மா. பாவம், மீனு வெக்க எடமில்லாம கெடக்குறா."

பேசி முடிச்சிட்டேன். ஒரு கையில தான் எழுதறேன். இன்னும் விடல