நீ விழுந்த இடம்

அக்கா,

இன்று காலை ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு டைல்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் வெள்ளை டைல்ஸ் ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தார். நான் பையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலை வைத்து இழுத்துப் பார்த்தேன். "இன்னா சார், இப்டி பாக்கறீங்க? கண்ணாடி மாதிரி கீது பாருங்க" என்றார். அதனால்தான் வேண்டாம் என்றேன். வெளியே வந்து, உன் வளையல் கடை இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இப்போது அங்கே போன் கவர் விற்கிறார்கள்.

உன் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியது நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம். முப்பது வருஷத்துக்கு மேல் தொழிற்சாலையில் வெல்டிங் செய்த கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. நீ ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் வேலூர் போயிருந்தாய். கடைக்குப் பின்னால் இருந்த உன் வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. குளியலறையில் மாமா காலத்துக் கடப்பாக் கல், கறுத்து, சொரசொரவென்று கிடந்தது. ஆள் வைத்து அதைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, தரையிலும் சுவரிலும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினேன். சுவரில் இரண்டு மட்டும் பூப்போட்டவை. ஊரிலிருந்து வந்து வாசலில் நின்று பார்த்தாய். "கல்யாண மண்டபம் மாதிரி கீதுடா" என்றாய். எனக்கு அன்றைக்கெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

மூன்றாவது வாரம் உன் வலது மணிக்கட்டு உடைந்தது. வாசலில் கிடந்த சணல் மிதியடி தடுக்கிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னாய். என்னிடமும் அதையேதான் சொன்னாய். நான் வீட்டுக்கு வந்ததும் அந்த மிதியடியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். நீ பார்த்துக்கொண்டிருந்தாய்.

எலும்பைப் பரிசோதித்த டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "எலும்பு உள்ளுக்குள்ள ரொம்ப மெலிஞ்சிருக்கும்மா. மாத்திரை தர்றேன். ஆனா இன்னொரு தடவ விழுந்தா இடுப்பெலும்புதான் போகும். மொதல்ல வீட்ட சரி பண்ணுங்க." பெங்களூரிலிருந்து உன் மகள் மாலா அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். "கடைய மூடிட்டு என்கூட வந்துரும்மா. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் போனாலும் லிஃப்ட் கீது, செக்யூரிட்டி கீறான்" என்று அழுதாள். நீ கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அங்க யாருக்கு நான் வளையல் போட்டு விடறது?" என்று மட்டும் கேட்டாய். கடைசியில் மாலா இறங்கி வந்தாள். "வீட்ட மாமா சரி பண்ணிக் குடுக்கட்டும்" என்று என்னைக் காட்டினாள். "பொங்கலுக்கு வந்து பாப்பேன். எனக்குத் திருப்தி இல்லன்னா நீ கெளம்பிடணும்" என்றாள்.

மறுநாளே நான் அளவு டேப்போடு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் சுவிட்ச் வைத்தேன். பரண்மேல் இருந்த பாத்திரங்களை எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். நீ ஏறி நிற்கும் மூன்று கால் ஸ்டூலை நானே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். பின்வாசல் படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்தேன். புடவைக் கொசுவத்தை இரண்டு விரற்கடை தூக்கிக் கட்டச் சொன்னபோது, "இந்த வயசுல கணுக்கால் தெரியணுமா?" என்று முறைத்தாய். ஆனாலும் கட்டினாய்.

கழிப்பறைக்குக் கைப்பிடிக் கம்பியை வீட்டிலேயே வெல்டு செய்து, முனையைத் தேய்த்து மழுக்கிக் கொண்டுவந்து சுவரில் பொருத்தினேன். நீ உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாய்: "இது உனக்கா, எனக்கா?" என் தோளுக்குச் சரியாக இருந்தது, உன் கைக்கு எட்டவில்லை. நீ உட்கார்ந்து எழும்போது இடது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, அங்கே சாக்பீஸால் கோடு போட்டுக் கழற்றி மாட்டினேன்.

கடைசியாகக் குளியலறை. கட்டிலிலிருந்து நடந்து வரச் சொல்லி உன் பின்னாலேயே வந்தேன். கூடத்தில் நன்றாகத்தான் நடந்தாய். குளியலறை வாசலில் நின்றுவிட்டாய். நிலையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஆற்றில் ஆழம் பார்ப்பதுபோல் பெருவிரலை மட்டும் முதலில் வைத்தாய். பிறகு இன்னொரு விரல்.

"அக்கா, நீ எங்க வுழுந்த?"

"மிதியடிலதான்."

"பொய் சொல்லாத."

என்னைப் பார்க்காமல் சொன்னாய்: "ஆசையா போட்டியேடா. எப்டி சொல்றது?"

நான் அந்த வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ உள்ளே போய்க் காபி கலந்து, ஒற்றைக் கையால் எடுத்து வந்து கொடுத்தாய். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாய். அதன்பிறகு நான் சுத்தியலும் உளியும் எடுத்தேன். ஆள் வைக்கவில்லை. தரையை முழுக்க நானே உடைத்தேன். "சொவத்துல கீற பூப்போட்ட ரெண்டையும் உட்ரு. அது ஒண்ணும் பண்ணலியே" என்றாய். சுவரில் ஒரு கம்பி பொருத்தி, தரைக்குச் சொரசொரப்பான கல் போட்டேன். போடுவதற்கு முன் நாலு கல்லை முற்றத்தில் வைத்து, தண்ணீர் ஊற்றி, உன்னையே நிற்கச் சொன்னேன். மூன்றாவதை நீ காட்டினாய்.

பொங்கலுக்கு மாலா வந்தாள். வீடு முழுக்க நடந்து பார்த்தாள். கம்பிகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கரும்பு தின்றுவிட்டு, உன்னைக் கூப்பிடாமல் பெங்களூர் திரும்பினாள். கட்டுப் பிரித்த கையால் நீ கடையைத் திறந்தாய்.

நாலு வருஷம். ஒரு ஐப்பசி மழை நாளில் மட்டும் போன் செய்தாய். "இன்னிக்கு சோப்புத் தண்ணில கால் வழுக்குச்சுடா. கம்பி இருந்துச்சு" என்றாய். அவ்வளவுதான், வைத்துவிட்டாய். போன வருஷம் நுரையீரல் காய்ச்சல் வந்து நீ போனாய். முந்தின வாரம்வரை கடையில் உட்கார்ந்து, கல்யாணப் பெண்ணுக்கு வளையல் போட்டு அனுப்பியிருந்தாய்.

காரியத்துக்கு வந்தவர்கள் அந்தக் கம்பிகளைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் கேட்டார்கள். அப்படித்தான் கோரமண்டல், நந்திதுர்க் என்று பக்கத்துக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தேன். அளவு எடுப்பதற்கு முன் அந்த வீட்டுப் பெரியவரை நடக்கச் சொல்லிக் காலைப் பார்க்கிறேன். எங்கே விழுந்தீர்கள் என்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோதுதான் கேட்கிறேன்.

போன மாதம் மாரிகுப்பத்தில் ஒரு அம்மா படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். மகன் வெளியே போன் பேசப் போனதும், கூடத்தில் இருந்த புது சோபாவைக் கண்ணால் காட்டினார்கள். உட்கார்ந்தால் புதைந்துவிடுகிறது, எழுந்திருக்க முடியாமல் சரிந்திருக்கிறார்கள். "அவன் ஆசையா வாங்கனது. சொல்லிடாதீங்க சார்" என்றார்கள்.

"சொல்லித்தான்மா ஆவணும்" என்றேன்.

அந்தப் பையன் நான் சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்துகொண்டான். நம் கதையை அவனுக்குச் சொன்னேன். முடித்ததும், "உங்கக்கா உங்கள திட்டலியா சார்?" என்று கேட்டான்.

"ஒரு வார்த்தகூட திட்டல. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்" என்றேன்.