மூன்றேகால் அடி மேடை

அன்பு மருமகளுக்கு,

உன்னை வா என்று கூப்பிட இதை எழுதவில்லை. கெஞ்சிப் பழக்கமில்லாதவள் நான். உன் வீட்டுக்காரன் கடற்கரைப் பக்கம் புதுவீடு கட்டுகிறான், அதைச் சொல்லத்தான்.

பேத்தி அறைக்குக் கடலைப் பார்த்த ஜன்னல். அவளிடம் சொல்லாதே, ஆசைப்படுவாள்.

நேற்று வரைபடம் போடும் பெண் வந்தாள். “அடுப்பு மேடை என்ன உயரம் சார்?” என்று கேட்டாள்.

“மூணேகால் அடி. என் வொய்ஃப் நல்ல உயரம். குனிஞ்சு சமைச்சா முதுகு வலிக்கும்” என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். “பாட்டிம்மா, உங்களுக்கு நெஞ்சு வரைக்கும் வந்துடுமே!”

“வரட்டுமே, வாசனை கிட்டக்க இருக்கும்” என்றேன். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

நீ அனுப்பிய கோர்ட்டுக் காகிதத்தை அவன் பிரிக்கவே இல்லை. நான்தான் பிரித்தேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்குப் பாதி புரியவில்லை. உன் கையெழுத்து மட்டும் நடுங்காமல் தெளிவாக இருந்தது. உன்மேல் தப்புச் சொல்லமாட்டேன். காகிதத்தில் இருப்பதை அவனிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

இன்று காலை அவன் வெளியே போனதும் தச்சரைக் கூப்பிட்டு, வரப்போகும் அந்த மேடைமுன் நான் ஏறி நிற்க ஒரு மரப்பலகை செய்யச் சொன்னேன்.

“எவ்ளோ அகலம்மா?”

“ஒரு ஆள் நின்னா போதும்.”

இப்படிக்கு,
உன் அத்தை