பிடி விட்ட ஆணிகளும் நீ அனுப்பிய லாரியும்

என் பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். நானும் அப்பாவும் இங்க நல்லபடியா இருக்கோம், அங்க நீயும் மருமகளும் குட்டியும் அதே மாதிரி இருக்கணும். குட்டிக்கு இருமல் விட்டுச்சா? போன்ல சொன்னா நடுவுல பூந்து நீயே பேசி முடிச்சிடுவே, அதனாலதான் எழுதுறேன். முழுசாப் படிச்சிட்டு அப்புறம் கோவிச்சுக்கோ.

பியானோவை வீட்டை விட்டு அனுப்பிடணும்னு நீயும் அப்பாவும் பேசி வச்சது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ரகசியம் பேச வராது, மாடியில நின்னு மெதுவாப் பேசினாக்கூடத் தெருமுனை வரைக்கும் கேக்கும். எனக்கு மணிக்கட்டு உடைஞ்சு கூடினதுல இருந்தே உங்க ரெண்டு பேருக்கும் அதுமேல கண்ணு. ஆனா நான் வாசிக்காம இருந்தது கையால இல்லடா, சுருதி நிக்கல. ஒரு சனிக்கிழமை சேர்த்தா அடுத்த சனிக்கிழமைக்குள்ள இறங்கிடும். சனிக்கிழமை வந்து என்னோட பாடுற பொம்பளைங்க எத்தனை நாள்தான் பொறுப்பாங்க, கீபோர்டு இருக்கிற வீடாப் பாத்துப் போயிட்டாங்க. சுருதி சேர்க்கிறவரைக் கூப்பிட்டேன். அவர் முன்பலகையைக் கழட்டி, கம்பி சுத்தியிருக்கிற ஆணிகளைத் திருகிப் பாத்தாரு. உள்ளே இருக்கிற கட்டை காய்ஞ்சு ஓட்டையெல்லாம் பெருசாயிடுச்சு, ஆணிக்குப் பிடியே இல்ல, வயசாயிட்டா இப்படித்தான், எடைக்குப் போட்டுருங்கன்னு சொன்னாரு. அவர் சொன்னது பியானோவை, அப்பா திரும்பிப் பாத்தது என்னை. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது இந்த வீட்டை விட்டுப் போகாதுன்னு. பசை விட்டா பிடிக்குமாமேன்னு கேட்டேன், தான் அந்த வேலைக்குப் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன்னாரு. உங்களை யாரு ஏத்துக்கச் சொன்னது, ஆணி முறுக்குற உங்க பழைய திருகுசாவி ஒண்ணு மட்டும் கொடுங்கன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனும் அவர் சம்சாரமும் வந்தாங்க. அப்பா முணுமுணுத்துக்கிட்டே ஒரு பக்கம் பிடிச்சாரு. நாலு பேருமாச் சேர்ந்து பியானோவைப் பின்பக்கமாச் சாய்ச்சு, பழைய மெத்தை மேல மல்லாக்கப் படுக்க வச்சோம். அப்பத்தான் பசை ஆணியோட அடிவரைக்கும் இறங்கும். தண்ணி மாதிரி ஓடுற பசை, அதை ஒவ்வொரு ஆணியைச் சுத்தியும் சொட்டுச் சொட்டா விட்டேன். ஜன்னலெல்லாம் திறந்து வச்சும் கண்ணு எரிஞ்சு தண்ணியாக் கொட்டுச்சு. தொடாதீங்கன்னு சொல்லச் சொல்ல அப்பா தொட்டாரு, கட்டைவிரல் சட்டையோட ஒட்டிக்கிச்சு. சட்டையைக் கத்தரிக்க வேண்டியதாப் போச்சு. நீ அனுப்பின நீலச் சட்டைதான், மனசுல வச்சுக்காதே.

மறுநாள் நிமிர்த்தி வச்சு முறுக்கினா முக்கால்வாசி ஆணி கெட்டியாப் பிடிச்சிருந்துச்சு. சிலது மட்டும் வழுக்கிச்சு. அதையெல்லாம் கழட்டி, உப்புத்தாளைச் சின்னதா நறுக்கி ஓட்டைக்குள்ள சுருட்டி வச்சு, சுத்தியலால அடிச்சு இறக்கினேன். கடைசி ஆணியை முறுக்கும்போது கம்பி அறுந்து கன்னத்துல கோடு போட்டுச்சு. போதும் விடுன்னு அப்பா கத்தினாரு. உங்களுக்குப் போதும்னா நீங்க போய்ப் படுங்கன்னேன். அவர் போகல. மருந்து எடுத்துட்டு வந்து கன்னத்துல தடவிட்டு, டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நின்னாரு. அதுக்கப்புறம் உன் கட்சியில ஒரு ஆள் குறைஞ்சு போச்சுன்னு வச்சுக்கோ.

சனிக்கிழமை பாடுற பொம்பளைங்க எல்லாரையும் வரச் சொன்னேன். முதல் பாட்டுக்குச் சந்தேகப் பார்வையோட நின்னாங்க. ரெண்டாவது பாட்டுல அவங்கள்ல தையல்காரி கண்ணை மூடிக்கிட்டா, அவ கண்ணை மூடினா சுருதி சரியா இருக்குன்னு அர்த்தம். மூணாவது பாட்டு பாதியில இருக்கும்போது பியானோவை ஏத்திட்டுப் போக நீ அனுப்பின லாரி வாசல்ல வந்து நின்னுச்சு. நான் எழுந்திருக்கல, வாசிச்சுக்கிட்டே இருந்தேன். அப்பாதான் வெளிய போனாரு. பியானோ சத்தத்துல பேப்பர் படிக்க முடியலன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து புலம்புற மனுஷன், இது போகாது, இதுக்குச் சொந்தக்காரி உள்ள வாசிச்சுக்கிட்டு இருக்கான்னு அவங்ககிட்ட சொன்னாராம். அவ்வளவு தூரம் வந்துட்டோமே, வேற எதாவது ஏத்தணுமான்னு கேட்டிருக்காங்க. நீ எங்க உடம்புக்காக வாங்கி அனுப்பின நடக்கிற மிஷின் இருந்துச்சு இல்ல, ஈரத்துணி காயப்போட மட்டும் ஆன அந்த மிஷின், அதை ஏத்தி அனுப்பிட்டாரு. வீட்டுல இடம் வேணும்னுதானே சொன்னே, இப்ப தாராளமா இருக்கு.

கம்பி அறுந்த அடிக்குரல் கட்டை ஒண்ணு மட்டும் இன்னும் ஊமை, புதுக் கம்பிக்குச் சொல்லியிருக்கேன். மத்ததெல்லாம் இன்னைக்கு வரைக்கும் நிக்குது. இறங்கினா மறுபடியும் முறுக்குவேன், சாவி என்கிட்டதான் இருக்கு.

நீ வேலை வேலைன்னு சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, பல்வலிக்கு டாக்டரைப் போய்ப் பாரு. மூணு பேரும் நோய்நொடி இல்லாம மனசு நெறைஞ்சு வாழணும், அதுதான் எங்க ஆசீர்வாதம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, இனிமே இந்த வீட்டுல எதை எடுக்கணும்னாலும் அப்பா போனுக்குப் பண்ணாதே, என் போனுக்குப் பண்ணு. நான் எடுக்கலைன்னா வாசிச்சுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம், அப்புறமாப் பண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா